மாடியறை விஞ்ஞானி எட்வின் ஆம்ஸ்ட்ராங்

ஆம்ஸ்ட்ராங் என்ற பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர், 1969-ஆம் ஆண்டு நிலவில் முதன்முதலாகக் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங். அதே பெயர் கொண்ட இன்னொருவரும் நம் நன்றிக்கு உரியவர். அவர் வானவெளிக்குச் செல்லவில்லை. தம் வீட்டு மாடியறையில் ஒரு கண்ணாடிக் குழாயையும் சில கம்பிச்சுருள்களையும் வைத்துக்கொண்டு, உலகம் பேசுவதைக் கேட்க வழி செய்தவர். அவர்தான் எட்வின் ஹோவர்டு ஆம்ஸ்ட்ராங். வானொலி கேட்டு மகிழ்ந்த கோடிக்கணக்கான மக்களில் அவர் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

பழைய வானொலிப் பெட்டியின் பின்புறப் பலகையைக் கழற்றிப் பார்த்த அனுபவம் நம் பாட்டிமார் சிலருக்கு இருக்கும். உள்ளே சிறு சிறு கண்ணாடிக் குழாய்கள் செந்நிறமாக மினுங்கும். அவற்றை வால்வு என்பார்கள். திருகைத் திருப்பியவுடன் பாட்டு வராது. வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதை உலகிற்குத் தெளிவாக விளக்கியவரும், அதன் உண்மையான ஆற்றலை வெளிக்கொணர்ந்தவரும் ஆம்ஸ்ட்ராங்கே.

இளமைப் பருவம்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையில் பணிபுரிந்தவர். தாயார் திருமணத்திற்கு முன் பள்ளி ஆசிரியை. தங்கைகள் இருவர். எட்டு வயதளவில் சிறுவனைக் கடும் நோய் ஒன்று தாக்கியது. மூட்டுக் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் நரம்பு நோய் அது. இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் செல்ல இயலாமல் வீட்டிலேயே பாடம் படித்தான். நோய் நீங்கியது, ஆனால் உணர்ச்சிவசப்படும்போதெல்லாம் தோளும் முகமும் தாமாகத் துடிக்கும் பழக்கம் வாழ்நாள் முழுதும் நின்றுவிட்டது. மற்றப் பிள்ளைகளுடன் கூடி விளையாடத் தயங்கிய அச்சிறுவன் தனிமையையும் இயந்திரங்களையும் நாடினான்.

மகனின் உடல்நலம் கருதிக் குடும்பம் யாங்கர்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி நின்ற பெரிய வீடு அது. அதன் உச்சியில், கூரைக்கு அடியில் இருந்த மாடியறை சிறுவனுக்குக் கிடைத்தது. தந்தை வாங்கித் தந்த புத்தகங்களில் கண்டுபிடிப்பாளர்களின் கதைகளைப் படித்தான். கம்பியில்லாமல் கடல் கடந்து செய்தி அனுப்பிய மார்க்கோனியின் கதை அவன் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. நானும் கண்டுபிடிப்பாளன் ஆவேன் என்று 14 வயதளவிலேயே உறுதி பூண்டான்.

மாடியறை கம்பிகளாலும் பெட்டிகளாலும் நிறைந்தது. அக்காலத்தில் கம்பியில்லாத் தந்தி ஒலியைக் கேட்பதென்றால், ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூச்சை அடக்கிக் கேட்க வேண்டும். அவ்வளவு மெல்லிய ஒலி. உயரமான ஏரியல் இருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று எண்ணிய ஹோவர்டு, வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரக் கம்பம் ஒன்றைத் தன் கையாலேயே எழுப்பினான். கயிற்றில் கட்டிய பலகையில் அமர்ந்து, தானே தன்னை மேலே இழுத்துக்கொண்டு வேலை செய்வான். பார்த்தவர்கள் நடுங்கினார்கள், அவனுக்கோ உயரம் என்றால் கொள்ளை ஆசை.

கண்ணாடிக் குழாயின் இரகசியம்

பின்னர் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் மாணவரானார். நாள்தோறும் சிவப்பு நிற மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்குச் செல்வார். மாலையில் திரும்பி வந்து மாடியறைக்குள் புகுந்துகொள்வார். அங்கே அவர் கையில் இருந்த புதிய பொருள் ஆடியான் என்னும் வெற்றிடக் குழாய்.

இக்குழாயின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1904-இல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் சூடேறும் இழை ஒன்றையும் உலோகத் தட்டு ஒன்றையும் வைத்தார். சூடான இழையிலிருந்து தட்டை நோக்கி மின்னணுக்கள் பாய்ந்தன, எதிர்த்திசையில் பாயவில்லை. 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், அவ்விரண்டுக்கும் நடுவே மெல்லிய கம்பி வலை ஒன்றைச் சேர்த்தார். அதற்குக் கிரிட் என்று பெயர். மடையின் பலகையைச் சற்றே உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் வாய்க்காலில் ஓடும் நீர் பெருமளவு கூடிக் குறைவதுபோல, இந்த வலையில் ஏற்படும் சிறிய மின் மாற்றம், தட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. ஒலிபெருக்கும் கருவிகளுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

ஆனால் அக்குழாயைச் செய்த டி ஃபாரஸ்டுக்கே அது வேலை செய்யும் முறை சரியாக விளங்கவில்லை. குழாயில் மிஞ்சியிருக்கும் வாயுதான் காரணம் என்று அவர் கருதினார். கல்லூரி மாணவர் ஆம்ஸ்ட்ராங் ஊகத்தை நம்பவில்லை. குழாயின் ஒவ்வொரு பகுதியிலும் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுமையாக அளந்தார். தட்டிலிருந்து வெளிவரும் மின்னோட்டத்திலும் வானொலி அலையின் அதிர்வு இருப்பதைக் கண்டார். அப்படியானால் அதில் ஒரு பகுதியைத் திரும்பவும் வலைக்கே கொண்டுபோனால் என்ன? பெருகிய ஒலி மறுபடி பெருகாதோ? இதுவே அவருக்குத் தோன்றிய கேள்வி.

நம் பள்ளி விழாக்களில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுபோனால் அது கீச்சென்று அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை மறுபடி மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடி புகுந்து, மறுபடி பெருகுகிறது. நமக்குத் தொல்லையாகும் இச்செயலையே ஆம்ஸ்ட்ராங் கட்டுக்குள் வைத்துப் பயன்படுத்தினார். கம்பிச்சுருள் ஒன்றைச் சேர்த்துச் சுற்றை மாற்றியமைத்தார். அலறும் நிலைக்குச் சற்று முன்னே நிறுத்தினால் மெல்லிய ஒலி பன்மடங்கு ஓங்கியது. அந்நிலையைத் தாண்டினால் குழாய் தானே அலைகளை உண்டாக்கியது. ஒரே குழாய் வாங்கியாகவும் ஆனது, அனுப்பியாகவும் ஆனது!

1912 செப்டம்பரில் ஓர் இரவு. ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டு அறையின் மறுகோடியில் நின்றாலும் தொலைதூர நிலையங்களின் ஒலி கேட்டது. அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உறங்கிக்கொண்டிருந்த தங்கையின் அறைக்குள் ஓடி, அவளை எழுப்பி, வெற்றி பெற்றுவிட்டதாகச் சொல்லி ஆடிக் குதித்தார். அப்போது அவருக்கு வயது 21.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் பணம் வேண்டும். படிப்பு முடியட்டும் என்று தந்தை மறுத்துவிட்டார். ஆகவே தம் சுற்றின் வரைபடத்தை 1913 ஜனவரி 31-ஆம் நாள் ஒரு சான்றுறுதி அலுவலரிடம் காட்டிக் கையொப்பம் பெற்று வைத்துக்கொண்டார். விண்ணப்பம் அனுப்பியது அவ்வாண்டு அக்டோபரில்தான். அந்தச் சில மாதத் தாமதம் பின்னாளில் பெரும் வழக்காக வளர்ந்தது.

புகழும் இல்வாழ்வும்

1914 ஜனவரியின் கடுங்குளிரில், நியூ ஜெர்சிக் கடற்கரையில் உள்ள பெல்மாரில் ஆம்ஸ்ட்ராங் தம் கருவியைச் சோதித்துக் காட்டினார். மார்க்கோனி நிறுவனத்தின் சார்பில் பார்க்க வந்தவர் டேவிட் சார்னாஃப் என்னும் இளைஞர். குளிர்ந்த கொட்டகை ஒன்றில் இரவு முழுவதும் இருவரும் அமர்ந்து, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அயர்லாந்திலிருந்தும், பசிபிக் நடுவே ஹோனலுலுவிலிருந்தும் வந்த செய்திகளைக் கேட்டார்கள். அன்று தொடங்கிய நட்பு, பிற்காலத்தில் எத்தனை கசந்துபோகும் என்பதை இருவருமே அறியவில்லை.

முதல் உலகப் போரின்போது ஆம்ஸ்ட்ராங் இராணுவத் தகவல் படையில் கேப்டனாகப் பாரிசில் பணிபுரிந்தார். மிக விரைவாக அதிரும் அலைகளை அக்காலத்துக் குழாய்களால் நன்கு பெருக்க முடியவில்லை. அப்படியானால் வரும் அலையோடு, வாங்கியிலேயே உண்டாக்கிய வேறோர் அலையைக் கலந்து, குறைந்த வேகமுள்ள அலையாக மாற்றிக்கொண்டு, பிறகு பெருக்கினால் என்ன என்று சிந்தித்தார். 1918-இல் பிறந்த இம்முறைக்குச் சூப்பர்ஹெட்டரோடைன் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் வீடுதோறும் பாடிய வானொலிகளில் மிகப் பெரும்பாலானவை இம்முறையில் அமைந்தவையே.

1920-இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இவருடைய காப்புரிமைகளை 3,35,000 டாலருக்கு வாங்கியது. 1922-இல் மற்றொரு கண்டுபிடிப்புக்காக ஆர்.சி.ஏ. நிறுவனம் 2,00,000 டாலரும் 60,000 பங்குகளும் தந்தது. மாடியறை மாணவர் செல்வந்தரானார்.

சார்னாஃபின் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர் மேரியன் மெக்கின்னிஸ் என்னும் பெண்மணி. 1923 டிசம்பர் 1-ஆம் நாள் அவரை ஆம்ஸ்ட்ராங் மணந்துகொண்டார். மணப்பெண்ணுக்கு அவர் தந்த பரிசு நகையன்று. கையில் எடுத்துச் செல்லக்கூடிய சூப்பர்ஹெட்டரோடைன் வானொலிப் பெட்டி. அவ்வகையில் உலகிலேயே முதலாவது அது. புதுமணத் தம்பதியர் அப்பெட்டியோடு புளோரிடாக் கடற்கரைக்குச் சென்றார்கள்.

வழக்கும் பதக்கமும்

இதற்கிடையே, பெருகிய மின்னோட்டத்தைத் திரும்பச் செலுத்தும் முறையை முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு மூண்டது. நால்வர் உரிமை கோரினார்கள். இறுதிவரை நின்றவர்கள் ஆம்ஸ்ட்ராங்கும் டி ஃபாரஸ்டும். 1912 ஆகஸ்டிலேயே தம் சோதனையில் குழாய் ஊளையிட்டதாக டி ஃபாரஸ்ட் தம் குறிப்பேட்டைக் காட்டினார். அவ்வோசை ஏன் எழுந்தது என்பது அப்போது அவருக்கு விளங்கவில்லை என்பது பொறியியல் வல்லுநர்களின் கருத்து.

தொடக்கத்தில் தீர்ப்பு ஆம்ஸ்ட்ராங்குக்குச் சாதகமாகவே இருந்தது. எதிராளி தர வேண்டிய வழக்குச் செலவை விட்டுக்கொடுத்து, விவகாரத்தை அதோடு முடித்துக்கொள்ளும்படி நலம் விரும்பிகள் கூறினார்கள். அவர் இணங்கவில்லை. வழக்கு நீண்டது; காற்று திசை மாறியது. 1928-லும் 1934-லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கமே நின்றது.

மனமுடைந்த ஆம்ஸ்ட்ராங், வானொலிப் பொறியாளர் கழகம் இதே கண்டுபிடிப்புக்காகத் தமக்கு முன்பு அளித்திருந்த பதக்கத்தைத் திருப்பித் தர 1934-இல் பிலடெல்பியா மாநாட்டுக்குச் சென்றார். கழகமோ அதைப் பெற்றுக்கொள்ள மறுத்தது. பதக்கம் அவருக்கே உரியது என்று தலைவர் மேடையில் அறிவித்தபோது, கூடியிருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். நீதிமன்றம் தராததைச் சக பொறியாளர்கள் தந்தார்கள்.

கரகரப்பில்லாத வானொலி

இடி மின்னல் நாளில் வானொலி கேட்டால் படபடவென்று ஓசை வரும். இதை நீக்க முடியாது என்றே அறிஞர்கள் கருதினார்கள். சாதாரண ஒலிபரப்பில் பாட்டின் ஏற்ற இறக்கத்திற்கு ஏற்ப அலையின் வலிமை கூடிக் குறையும். மின்னலும் அவ்வலிமையையே குலைக்கும். ஆகவே பாட்டையும் கரகரப்பையும் வாங்கியால் பிரித்தறிய முடியாது. ஆம்ஸ்ட்ராங் வேறு வழியில் சென்றார். அலையின் வலிமையை மாற்றாமல், அது அதிரும் வேகத்தைப் பாட்டுக்கு ஏற்ப மாற்றினார். நாம் எஃப்.எம். என்று அழைப்பது இதைத்தான். 1933 டிசம்பரில் காப்புரிமைகள் கிடைத்தன.

1935 நவம்பர் 5-ஆம் நாள் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூடிய அவையில் இதை நடத்திக் காட்டினார். ஒலிபரப்பு நிலையம் எங்கே இருந்தது தெரியுமா? யாங்கர்ஸில் ரன்யன் என்ற நண்பரின் வீட்டில்! அங்கே ஒருவர் குவளையில் நீர் ஊற்றினார், காகிதத்தைக் கசக்கினார், மணி அடித்தார். பல மைலுக்கு அப்பால் அமர்ந்திருந்தவர்கள், தங்கள் மேசையிலேயே நீர் ஊற்றியதுபோல் தெளிவாகக் கேட்டு வியந்தார்கள். அதுவரை வானொலியில் நீர் ஊற்றும் ஓசையைத் தெளிவாகக் கேட்டவர் இல்லை.

இத்தகைய தூய ஒலி கிடைத்த பின், அதைக் கெடுக்காமல் பெருக்கும் கருவிகளுக்கும் தேவை எழுந்தது. 1927-இல் ஹரால்டு பிளாக் என்ற பொறியாளர், ஆம்ஸ்ட்ராங்கின் முறையைத் தலைகீழாக்கி, திரும்பி வரும் ஒலியை எதிர்த்திசையில் செலுத்தினால் பிழைகள் குறையும் என்று கண்டிருந்தார். 1947-இல் வில்லியம்சன் என்பவர் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் இம்முறையில் அமைந்த வால்வு ஒலிபெருக்கியின் வரைபடத்தை வெளியிட்டார். அதைப் பார்த்துப் பல நாடுகளில் ஆர்வலர்கள் தங்கள் வீட்டு மேசையிலேயே கம்பி பற்றவைத்துப் பெருக்கிகளைச் செய்தும், மாற்றியமைத்தும் மகிழ்ந்தார்கள். மாடியறைச் சிறுவனின் வழியில் நடந்தவர்கள் எத்தனையோ பேர்!

இறுதிப் போராட்டம்

ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்திருந்த சார்னாஃப் எஃப்.எம். முறைக்கு ஆதரவு தரவில்லை. அவருடைய கவனம் தொலைக்காட்சியில் இருந்தது. ஆம்ஸ்ட்ராங் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, ஹட்சன் ஆற்றின் மறுகரையில் ஆல்பைன் என்ற இடத்தில் 400 அடிக்கும் மேற்பட்ட கோபுரத்தை எழுப்பி, 1939-இல் ஒலிபரப்பத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது தம் காப்புரிமைகளை அமெரிக்க இராணுவம் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதித்தார். 1945-இல் அரசு ஆணையம் எஃப்.எம். ஒலிபரப்பை வேறு அலைவரிசைக்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த இலட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே ஆணையால் பயனற்றுப் போயின.

தமக்குரிய கட்டணத்தைத் தராமல் தம் கண்டுபிடிப்பைப் பயன்படுத்துவதாக 1948-இல் ஆர்.சி.ஏ. மீது ஆம்ஸ்ட்ராங் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் கேள்விக்கணைகள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. காப்புரிமைகள் காலாவதியாயின, செல்வம் கரைந்தது, உடல் தளர்ந்தது. பேச்செல்லாம் வழக்கே, நினைவெல்லாம் வழக்கே என்றாயிற்று. 1953-ஆம் ஆண்டின் இறுதியில், பணம் பற்றிய வாக்குவாதத்தில் நிதானம் இழந்து, தம் அன்பு மனைவியையே அவர் தாக்கிவிட்டார். மேரியன் தம் சகோதரி வீட்டுக்குச் சென்றுவிட்டார். தனிமையும் குற்ற உணர்வும் ஆம்ஸ்ட்ராங்கை வாட்டின. மனைவியிடம் வருத்தம் தெரிவித்து மடல் எழுதிவைத்துவிட்டு, 1954-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் கடைசி இரவில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவருக்கு வயது 63. அவர் மனம் பட்ட பாட்டை இறக்கிவைக்க அருகில் ஒருவர் இருந்திருந்தால் என்று எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

மேரியனின் வெற்றி

கதை அத்துடன் முடியவில்லை. கணவரின் பெயரைக் காக்கும் பொறுப்பை மேரியன் ஏற்றுக்கொண்டார். சினமின்றி, ஆரவாரமின்றி, ஒவ்வொரு வழக்காக எடுத்து நடத்தினார். 1954 இறுதியில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 10 இலட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை தந்து சமரசம் செய்துகொண்டது. மற்ற நிறுவனங்களின் மீதான வழக்குகளும் ஒவ்வொன்றாக முடிந்தன. 1967-இல் கடைசி வழக்கிலும் வெற்றி கிடைத்தது. எஃப்.எம். வானொலியைக் கண்டவர் ஆம்ஸ்ட்ராங்கே என்பது நிலைநாட்டப்பட்டது. 13 ஆண்டுகள் ஒரு பெண்மணி காட்டிய பொறுமையின் பலன் அது.

நம் நாட்டில் எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது நம் சென்னையில்தான். 1977 ஜூலை 23-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் அதைத் தொடங்கியது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டு, தொலைக்காட்சி நிலையங்கள் வாயடைத்து நின்றபோது, அவற்றில் சிலவற்றுக்குத் தற்காலிகமாக இடம் கொடுத்தது ஆல்பைனில் ஆம்ஸ்ட்ராங் எழுப்பிய அதே பழைய கோபுரம்.

அன்பு மாணவியரே, ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கையில் நாம் பின்பற்ற வேண்டியவை பல. நோய் அவரை முடக்கவில்லை. பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஏற்காமல் தாமே அளந்து பார்த்தார். கையிலுள்ள எளிய பொருளைத் திருத்தி அரிய செயல் செய்தார். நாம் அஞ்சி விலக வேண்டியதும் அவர் வாழ்விலேயே இருக்கிறது. உண்மை அவர் பக்கம் இருந்தது. ஆனாலும் வழக்கைத் தவிர வேறெதையும் நினையாத உள்ளம் அவர் இல்லத்தின் அமைதியைக் குலைத்தது. அதே உண்மைக்காக மேரியனும் போராடினார். அவரை அப்போராட்டம் விழுங்கிவிடவில்லை. திரும்பி வரும் ஒலியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை மாடியறையில் அறிந்திருந்த மனிதர், திரும்பத் திரும்ப எழும் சினத்தை எங்கே நிறுத்துவது என்பதை அறியாமல் போனார். துன்பம் மிகும்போது அதை மனத்துக்குள் பெருக்கிக்கொள்ளாமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தோழியிடமோ சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை வானொலியில் தெளிவான பாட்டு ஒன்றைக் கேட்கும்போது, யாங்கர்ஸ் மாடியறையில் நள்ளிரவில் தங்கையை எழுப்பி ஆடிக் குதித்த அந்த இளைஞரை ஒரு கணம் நன்றியோடு நினைத்துக்கொள்ளுங்கள். மேரியனையும் மறந்துவிடாதீர்கள்.